மூடியை இறுக்கிய கை

அத்தியாயம் 7

"இவரைக் கழுவினவர் எங்கே?" என்று கேட்டார் டாக்டர்.

வக்கீலம்மா திரும்பி ஸ்டெப்னியைப் பார்த்தார். ஸ்டெப்னி ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தான்.

வக்கீலம்மா உண்மையில் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவர், கோர்ட்டில் ஒரே ஒரு நாள் நின்றவர். எதிர்த்தரப்பு பொய் சொல்கிறது, என் கட்சிக்காரரும் சேர்ந்து பொய் சொல்கிறார் என்று நீதிபதியிடமே சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து துப்பறிவதுதான் பிழைப்பு. அவருடைய டிரைவர் ஒரு வாரம் லீவு போட்டபோது மாற்றாக வந்தவன்தான் இந்த ஸ்டெப்னி. ஒன்பது வருடமாகியும் கழற்றி வைக்க முடியவில்லை. அவனுடைய மூளை எப்போதும் வாய்க்கு இரண்டு ஸ்டாப் பின்னால் இறங்கி நடந்து வரும். நேற்று அது வந்து சேரவே இல்லை.

"எனக்குப் புரியல டாக்டர்," என்றார் வக்கீலம்மா. "கழுவினதுல என்ன இருக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெமிஸ்ட் படுத்திருந்தான். இருபத்தெட்டு வயது. மார்பிலிருந்து முழங்கால்வரை கட்டு. நேற்றுக் காலை ஏழேகால் மணிக்கு, ப்ளைவுட் பசை செய்யும் தொழிற்சாலையில், பீனால் டிரம்மின் குழாயைத் திறந்தான். ஒழுக வேண்டியது பீய்ச்சி அடித்தது. டிரம்மின் மேல் பக்கத்தில் காற்றுப் போவதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. சூடுபடுத்தும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். அதை யாரோ இறுக்கமாகத் திருகி வைத்திருந்தார்கள்.

"பீனால் தோல்ல பட்டா முதல்ல எரியும்," என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். தூங்கி இரண்டு நாள் ஆன முகம். "ரெண்டு நிமிஷத்துல மரத்துப் போயிடும். வலி போயிடுச்சுன்னு சும்மா இருந்துடுவாங்க. அதுக்குள்ள அது ரத்தத்துல ஏறிடும். பதறிப்போய் ஒரு வாளித் தண்ணிய ஊத்தினா இன்னும் பரவும். இவரை யாரோ துணியெல்லாம் கழட்டி, பெரிய குழாய்க்கடியில போட்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாம கழுவியிருக்காங்க. அது இல்லன்னா ஆள் நேத்தே போயிருப்பார்."

"அப்படியா," என்றான் ஸ்டெப்னி. குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"கழுவினவர் கையுறை போட்டிருந்தாரா?"

"இல்ல."

"ஊறிப்போன துணிய வெறுங்கையால பிடுங்கியிருப்பார். விரலெல்லாம் வெளுத்திருக்குமே. யாராவது பாத்தீங்களா?"

"பாத்தோம் டாக்டர்," என்றான் ஸ்டெப்னி. "பாத்துட்டு ஜெயில்ல போட்டுட்டோம்."

டாக்டர் அதை ஜோக் என்று நினைத்தார். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, ஜோக் இல்லை என்று புரிந்துகொண்டார்.

"உடனே கூட்டிட்டு வாங்க. வலிக்கலைன்னு அவர் சொல்லுவார். வலிக்காதது நல்லதுக்கில்ல."

மணி பன்னிரண்டு நாற்பது. கழுவியவர் தொழிற்சாலையின் ஸ்டோர்கீப்பர். அவரை நான்கு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

*

காரில் ஏறியதும் ஸ்டெப்னி தலைவலி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில்லாமல் விழுங்கினான்.

"அது எதுலேர்ந்து பண்றாங்கன்னு தெரியுமா?" என்றார் வக்கீலம்மா.

"சொல்லாதீங்க மேடம்."

"பீனால்லேர்ந்துதான்."

நேற்று தொழிற்சாலை முதலாளி தன் மேஜைமேல் அடுக்கி வைத்திருந்த சாமான்களைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்தது அவனுக்கு நினைவு வந்தது. வீட்டு ஸ்விட்ச், குக்கர் கைப்பிடி, ப்ளைவுட் துண்டு, கார் பிரேக்கில் வைக்கும் கட்டை. எல்லாவற்றுக்கும் மூலம் இந்தப் பீனால்தான், இது இல்லையென்றால் உலகம் இருட்டில் கையைச் சுட்டுக்கொண்டு நிற்கும் என்றார். ஸ்டெப்னி இப்போது பிரேக்கை மிதித்தான். அதிலும் பீனால். குற்றவாளி தப்பிக்க இடமே இல்லாத உலகம்.

நேற்று அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிட்டு இவர்கள் போய் இறங்கியபோது, ஸ்டோர்கீப்பர் தொப்பலாக நனைந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "நான்தான், நான்தான்" என்று முனகிக்கொண்டிருந்தார். விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. வக்கீலம்மா கெமிஸ்ட்டைப் பார்க்க ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணி நேரத்தில், ஸ்டெப்னி இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று தீர்ப்பே சொல்லிவிட்டான். மூடியை இறுக்கியவன் கையுறை போடவில்லை, அதனால் விரல் வெளுத்தது. கையுறை போடாததற்குத்தான் முந்தின நாள் சாயங்காலம் கெமிஸ்ட் இவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டான். "காரணமும் கையில, சாட்சியும் கையில சார்." இன்ஸ்பெக்டர் சிரித்தார். முதலாளி இடது கையால் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில் உச்சி குளிர்ந்து, ராத்திரி நன்றாகத் தூங்கினான். அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டதா? இன்று காலை ஸ்டேஷன் வாசலில் ஸ்டோர்கீப்பரின் மனைவி அவனிடம் வந்தார். யாரென்று தெரியாமல்தான் வந்தார்.

"தம்பி, உங்களுக்கு இவங்களோட பழக்கம் இருக்கு போல. அவருக்கு ஒரு போர்வை குடுக்கச் சொல்றீங்களா? தரை ஜில்லுனு இருக்காம்."

போர்வை வாங்கிக் கொடுத்தான். நான்தான் உங்கள் புருஷனை உள்ளே தள்ளியவன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் வருகிற வாய்.

"மேடம், அவர்தான் காப்பாத்தினார்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா விட்டுடுவாரா?"

"விடமாட்டார். இறுக்கினதும் அவர்தான், அப்புறம் பயந்து கழுவினதும் அவர்தான்னு சொல்லுவார்."

"செய்யாதவர் எதுக்கு நான்தான்னு சொல்லணும்?"

"இதை நேத்து கேட்டிருக்கணும்டா நீ," என்றார் வக்கீலம்மா. திட்டுகிற குரலில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் உறுத்தியது.

*

தொழிற்சாலை முற்றத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. பீனால் டிரம்மில் வரும்போது மெழுகு மாதிரி உறைந்திருக்கும். தொட்டியில் இறக்கி, இளக்கி, பிறகுதான் குழாய் வைத்து எடுக்க முடியும். இன்றும் ஒரு டிரம் தொட்டியில் கழுத்துவரை முங்கிக் கிடந்தது. பக்கத்தில் நேற்றைய டிரம், போலீஸ் சாக்பீஸ் வட்டத்துக்குள் அனாதையாகக் கிடந்தது.

"இதை எத்தனை மணிக்கு இறக்கினீங்க?" என்று அங்கிருந்த ஷிஃப்ட் ஆளைக் கேட்டார் வக்கீலம்மா.

"காலையில ஏழு மணிக்கு மேடம்."

மணி ஒன்றரை. வக்கீலம்மா ஒரு நீளக் கம்பியைக் கேட்டு வாங்கி, டிரம்மின் காற்றுத் துளைக்குள் விட்டார். நான்கு விரற்கடை போய் டக்கென்று நின்றது.

"இன்னும் நடுவுல கல்லா இருக்கு. எப்ப இளகும்?"

"சாயங்காலம் ஆயிடும். எப்பவும் முந்தின நாளே இறக்கிடுவோம். நேத்து போலீஸ் இருந்ததால முடியல. முந்தாநாள் ராத்திரி கொதிகலனை நிறுத்திச் சுத்தம் பண்ணோம், அதனால தொட்டி ஆறிப் போச்சு. நேத்தும் காலையிலதான் இறக்கினோம்."

"யார் இறக்கினது? எத்தனை மணிக்கு?"

"ஸ்டோர்கீப்பர் அண்ணன். ஆறு மணிக்கு. இறக்கிட்டு கேட்டுக்குப் போயிட்டார், ஒரு லோடு வந்திருந்துச்சு. ஏழேகாலுக்குத்தான் திரும்ப வந்தார்."

ஆள் போனதும் வக்கீலம்மா கம்பியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். "என்ன தோணுது?"

ஸ்டெப்னிக்கு வழக்கமாக ஏழெட்டு விஷயம் தோன்றும். இன்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை யோசித்தான். "ஆறரை மணி நேரமாகியும் இது இளகல. நேத்து ஒண்ணேகால் மணி நேரத்துல எப்படிப் பீய்ச்சி அடிச்சுது?"

"அப்படிக் கேளு."

அவன் நேற்றைய டிரம்மைச் சுற்றி வந்தான். ஒட்டியிருந்த லேபிள் காகிதம் ஒரு பக்கம் முழுக்கச் சுருண்டு, எழுத்தெல்லாம் கரைந்து தொங்கியது. மறுபக்கம் புதுசாக, இன்று ஒட்டியது போல் இருந்தது. தொட்டியில் முங்கியிருக்கும் டிரம்மை எட்டிப் பார்த்தான். அதில் சுற்றிலும் ஒரே மாதிரி உரிந்திருந்தது.

"மேடம், இந்த டிரம்முக்கு ஒரு பக்கம் மட்டும் காய்ச்சல்."

"அப்புறம்?"

"தொட்டியில இறக்கினதை யாரோ வெளியில எடுத்துப் போட்டிருக்காங்க. எடுத்துட்டு..." சுவரில் பாம்பு மாதிரிச் சுருண்டு தொங்கிய ரப்பர் ஹோஸைப் பார்த்தான். "அது என்ன, ஸ்டீமா?"

வக்கீலம்மா ஏற்கெனவே கொதிகலன் அறையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

*

கொதிகலன்காரர் இருபத்திரண்டு வருடமாக நெருப்புக்கு முன்னால் நின்றவர். போலீசுக்கு முன்னால் நிற்கத்தான் பயம். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"நேத்து காலையில முற்றத்துக்கு ஸ்டீம் விட்டீங்களா?"

"விட்டேன்."

"யார் கேட்டாங்க?"

"ஆள் தெரியாதும்மா. நடுவுல சுவர் இருக்குல்ல. ஸ்டீம் வேணும்னா அங்கேர்ந்து பெல் அடிப்பாங்க, நான் வால்வைத் திறப்பேன். ஆறரை இருக்கும். பெல் வந்துச்சு, திறந்தேன்."

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் துணியை இன்னும் இறுக்கிப் பிழிந்தார். துணியிலிருந்து கரித்தண்ணீர் சொட்டியது.

"அண்ணே," என்றான் ஸ்டெப்னி. "நேத்து நான் தேவையில்லாம நிறையப் பேசி ஒருத்தரை உள்ள தள்ளினேன். நீங்க பேசாம இருந்தே அதைப் பண்ணியிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே ஜாடைதான்."

கொதிகலன்காரர் கீழே இருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பெல்லு வேற மாதிரி வந்துச்சு தம்பி. இப்பல்லாம் ஸ்டீம் வேணும்னா ரெண்டு அடி, அவ்வளவுதான். நேத்து ரெண்டு சின்னது, ஒண்ணு நீட்டு. அது பழைய கணக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால, ஒரே ஷெட்டு இருந்த காலத்துல அடிச்சது. புதுசா வந்த பசங்களுக்கு அது தெரியவே தெரியாது."

"தெரிஞ்சவங்க யாரு?"

"நான். ஸ்டோர்கீப்பர்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இங்க மொத்தமே நாலஞ்சு பேரு. எல்லாரும் எல்லா வேலையும் பாத்தோம். அதுல ரெண்டு பேர் போய்ச் சேந்துட்டாங்க. பெல்லைப் பத்திச் சொன்னா ஸ்டோர்கீப்பர் தலையிலதான் விழும். அதான் வாயைப் பொத்திக்கிட்டேன்."

வெளியே வந்ததும் ஸ்டெப்னி காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அவரைக் காப்பாற்ற ஒரு நூலைப் பிடித்து இழுத்தால், அது அவர் கழுத்தையே போய் இறுக்குகிறது.

"சுத்தி சுத்தி அவர்கிட்டயே வருது மேடம்."

"ஏழேகால்வரைக்கும் அவர் கேட்ல இருந்திருக்கார். ஆறரைக்கு இங்க எப்படி பெல் அடிப்பார்?"

"நடுவுல ஒரு நடை வந்துட்டுப் போயிருக்கலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவார். நானே நேத்து சொல்லியிருப்பேன்."

"சரி, வா," என்றார் வக்கீலம்மா. "நம்மளைக் கூப்பிட்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்."

*

முதலாளி வலது கையைப் பாக்கெட்டில் விட்டபடி ஜன்னலோரம் நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய, அகலமான மனிதர். ஒற்றை ஷெட்டில் ஆரம்பித்து இத்தனையும் கட்டியவர். மேஜைமேல் ஸ்விட்சும் குக்கர் கைப்பிடியும் வரிசையாக இருந்தன. இன்று அவற்றை அவர் காட்டவில்லை.

"கேஸ்தான் முடிஞ்சுதே, இன்னும் என்னம்மா?"

"சின்னதா ஒரு சந்தேகம் சார். முதல்ல ஒரு டீ கிடைக்குமா? கொதிக்கக் கொதிக்க."

ஆபீஸ் அம்மா தட்டில் மூன்று கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். தட்டுக்கடியில் துணி மடித்துப் பிடித்திருந்தார். ஸ்டெப்னி ஒன்றை எடுத்து, சுட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டு விரலை ஊதினான். வக்கீலம்மா தன்னுடையதைத் தொடவே இல்லை.

"நேத்து ஆறரை மணிக்கு யாரோ ஸ்டீம் கேட்டிருக்காங்க," என்றார். "பழைய பெல்லுல. ரெண்டு சின்னது, ஒண்ணு நீட்டு."

முதலாளி ஜன்னலைவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து டம்ளரைப் பிடித்தார். குடிக்கவில்லை. கட்டைவிரலும் மற்ற இரண்டு விரலும் கண்ணாடியைச் சுற்றி அப்படியே இறுகியிருந்தன. விரலிடுக்கில் ஆவி ஏறிக்கொண்டிருந்தது.

"பழைய பெல்லா?" என்றார். "அது ஸ்டோர்கீப்பருக்குத் தெரியும்."

ஸ்டெப்னி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றைக்கு இது கிடைத்திருந்தால் நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்திருப்பான். இன்று அவன் மேஜையைச் சுற்றி அவர் பக்கத்தில் போனான்.

"சார், டம்ளரை வச்சிருங்க," என்றான் மெதுவாக. "கை வெந்துடும்."

முதலாளி குனிந்து தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கையோ போல் பார்த்தார். டம்ளரை வைத்தார். மூன்று விரல் நுனிகளும் வெளுத்து, ஓரம் பழுப்பேறியிருந்தன. அவற்றின் மேல் இப்போது சூட்டின் சிவப்பும் ஏறத் தொடங்கியது.

கீழே எங்கோ ஒரு மோட்டார் நின்றது.

"உங்களுக்கும் அந்த பெல் தெரியும் இல்லையா சார்?" என்றார் வக்கீலம்மா. "அதை வச்சதே நீங்கதான்."

"பத்து மணிக்கு லாரி வரணும்," என்றார் முதலாளி. குரல் உள்ளே எங்கோ போய்விட்டிருந்தது. "பசை ரெடியாகல. ஆறேகாலுக்கு வந்து பாத்தா டிரம் கல்லு மாதிரி கிடக்கு. அந்தக் காலத்துல நானே ஹோஸைப் பிடிச்சு இளக்கியிருக்கேன். அதே மாதிரி சங்கிலி போட்டுத் தூக்கி வெளியில வச்சேன். மூடி தளர்வா இருந்துச்சு. ஸ்டீம் அடிச்சா தண்ணி உள்ள போயிடும்னு இறுக்கினேன். விளிம்புல ஒட்டியிருந்தது விரல்ல பட்டிருக்கும், தெரியல. இளகினதும் பழையபடி தளர்த்தணும். தளர்த்தணும்னு நினைச்சுட்டேதான் நின்னேன். போன் வந்துச்சு. லாரிக்காரன். பேசிட்டே மேல வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கீழ அந்தப் பையன் கத்தினது கேட்டுச்சு."

"எல்லாம் தெரிஞ்சும் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றார் வக்கீலம்மா.

முதலாளி ஸ்டெப்னியைப் பார்த்தார்.

"நான் இல்லைன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு. வேற ஏதாவது காரணம் இருக்காதான்னு. இந்தத் தம்பி அரை மணி நேரத்துல சொல்லிடுச்சு. நானே நம்பிட்டேன். நான் இறுக்கினதை ஸ்டோர்கீப்பர் வந்து தளர்த்தியிருப்பான், அப்புறம் கோபத்துல அவனே மறுபடி இறுக்கியிருப்பான்னு ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்."

தன் முதுகில் விழுந்த அந்தத் தட்டல் பாராட்டு இல்லை, நன்றி என்பது ஸ்டெப்னிக்கு இப்போதுதான் உறைத்தது.

"அம்பது குடும்பம் இதை நம்பி இருக்கும்மா. தெரிஞ்சா இழுத்து மூடிடுவாங்க."

"அந்த அம்பதுல அவர் குடும்பமும் ஒண்ணு," என்றார் வக்கீலம்மா. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்களைக் கட்டாயப்படுத்த என்கிட்ட ஒண்ணுமில்ல. லேபிள் உரிஞ்சதும் பெல் அடிச்சதும் கோர்ட்டுல நிக்காது. உங்க விரலுக்கு நீங்க நூறு காரணம் சொல்லலாம். மூடி தளர்வா இருந்துச்சுங்கறதுக்கு உலகத்துலயே சாட்சி நீங்க ஒருத்தர்தான். நாலு மணிக்கு அவரை நிறுத்துவாங்க. அவர் திரும்பவும் நான்தான்னு சொல்லுவார்."

முதலாளி எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் இருந்த சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பதைக் காட்டியது.

வக்கீலம்மா கதவுவரை போய்விட்டார். ஸ்டெப்னி போகவில்லை.

"சார், நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றான். "நேத்து நான் சொன்னது தப்புன்னு சொல்லப் போறேன். இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலயும் என்னைக் கிழிப்பார். கிழிக்கட்டும். வாசல்ல ஸ்டோர்கீப்பர் சம்சாரம் உக்காந்திருப்பாங்க. அவங்களைத் தாண்டித்தான் உள்ள போகணும்." அவன் கார் சாவியை எடுத்தான். "தனியாப் போக வெக்கமா இருக்கு சார். கூட யாராவது வந்தா தேவலை."

ரொம்ப நேரம் என்று சொல்ல முடியாது. அரை நிமிஷம் இருக்கலாம். முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

*

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். பிறகு ஸ்டெப்னி பக்கம் திரும்பினார்.

"நேத்து அவர். இன்னிக்கு இவர். நாளைக்கு என்னைக் கைகாட்டுவியா?"

வேறொரு நாளாக இருந்தால் அதற்குப் பத்துப் பதில் ரெடியாக இருக்கும். ஸ்டெப்னி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாசலில் ஸ்டோர்கீப்பரின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. போர்வையை வாங்கிக்கொடுத்தது நீங்கள்தானே என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாலும் அவனுக்கு உறைக்கப் போவதில்லை.

ஸ்டோர்கீப்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெலிந்த, ஐம்பது வயது மனிதர். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முதலாளியைப் பார்த்ததும் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார்.

முதலாளி வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தார். காரில் வந்த வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய்விட்டது.

"மூடிய நான்தான் இறுக்கினேன்," என்றார். "நான் இறுக்கிட்டு மறந்துட்டேன்."

ஸ்டோர்கீப்பர் கோபப்படவில்லை. முதலில் புரியாதது போல் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்ப, நான் தளர்த்தித்தான் வச்சிருந்தேனா?"

"தளர்த்தித்தான் வச்சிருந்தே."

"நல்லா ஞாபகம் இருக்கா முதலாளி?"

"இருக்கு. ஒரு சுத்து தளர்வா இருந்துச்சு. எப்பவும் நீ வைக்கிற மாதிரி."

ஸ்டோர்கீப்பர் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார். இத்தனை நேரம் எந்தக் குற்ற உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ, அது இப்போது தேவைப்படவில்லை.

"பதினெட்டு வருஷமாப் பண்ற வேலை," என்று பொதுவாகச் சொன்னார். "கை பாட்டுக்குப் பண்ணிடும். நேத்து பண்ணுச்சா இல்லையான்னு எவ்வளவு யோசிச்சும் வரல. முந்தின நாள் அந்தப் பையன் திட்டினதையே நினைச்சுட்டு வேலை பார்த்தேன். அந்தக் கடுப்புல தளர்த்தாம விட்டுட்டேன்னுதான் நினைச்சேன்." சட்டென்று நிமிர்ந்தார். "பையன் எப்படி இருக்கான்?"

"பிழைச்சுக்குவான்," என்றார் வக்கீலம்மா. "கழுவினவரைப் பாக்கணும்னு டாக்டர் கேட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சுவிட்டார். எழுத வேண்டிய காகிதங்களை நினைத்து வந்த பெருமூச்சு. ஒரு கான்ஸ்டபிளைக் கூட அனுப்பி, இரண்டு பேரையும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். முதலாளியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். வக்கீலம்மா வாக்குமூலம் எழுதுவதைப் பார்க்க ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டார். ஸ்டோர்கீப்பரின் மனைவி மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

காரில் முன்னால் கான்ஸ்டபிள், பின்னால் அவர்கள் இரண்டு பேர். நான்கு கைகளில் மூன்று வெளுத்தவை. ஸ்டெப்னி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மன்னிப்புக் கேட்பதற்கு ஸ்டேஷனிலிருந்தே சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தான். முதல் சிக்னல் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். சிக்னலைத் தாண்டினான். "அண்ணே" என்றான்.

பதில் இல்லை. ஸ்டோர்கீப்பர் தூங்கியிருந்தார். தலை சரிந்து முதலாளியின் தோளில் விழுந்திருந்தது. முதலாளி அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தோள் அசைந்துவிடும் என்று அவர் அதைத் துடைக்கவில்லை.

ஸ்டெப்னி ஹாரன் அடிக்காமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும், "எழுப்புப்பா," என்றார் கான்ஸ்டபிள்.

"நீங்க எழுப்புங்க சார். எழுந்ததும் அவர் என் மூஞ்சியிலயா முழிக்கணும்?"

எழுப்பத் தேவை இருக்கவில்லை. வண்டி நின்றதிலேயே ஸ்டோர்கீப்பர் விழித்துவிட்டார். முதலாளியின் தோளிலிருந்து பதறி விலகினார். பிறகு கண்ணாடியில் ஸ்டெப்னியின் கண்ணைப் பார்த்தார்.

இனிமேல் தள்ளிப்போட வழியில்லை. கோத்து வைத்த சொல் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க."

"எதுக்கு தம்பி?"

"நீங்கதான் பண்ணீங்கன்னு போலீஸ்கிட்ட சொன்னது நான்தான்."

ஸ்டோர்கீப்பர் தன் வெளுத்த விரல்களைப் பார்த்தார்.

"நானும் அதைத்தானே தம்பி சொல்லிட்டிருந்தேன்," என்றார்.

அந்தக் கைகளால் கார்க் கதவைத் திறக்க முடியாது. ஸ்டெப்னி இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட்டான்.